பக்கத்தில் ஆள் இல்லாதபோது பேசும் தாள்

கட்டுரை எழுதப் பழகுகிறோம், கடிதம் எழுதப் பழகுகிறோம். ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதப் பழகுவதில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டர்.

வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார். நோன்பு காலத்தில் ஒருநாள் மோட்டர் ஓடியது, தண்ணீர் வரவில்லை. திருத்துபவர் மறுநாள் பின்னேரம்தான் வந்தார். பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார். அவர் போவதற்குள் மூன்று கேள்விகள் கேட்டேன். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எதை ஒருபோதும் செய்யக் கூடாது? சரியாகிவிட்டது என்று எப்படி அறிவது?

அவர் சொன்னது இதுதான்: பம்புக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் அது கிணற்றிலிருந்து இழுக்கும். குழாயின் அடியிலுள்ள வால்வில் மணல் சிக்கினால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கி, பம்பில் காற்று நிறையும். அப்படியே ஓடவிட்டால் உள்ளேயிருக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும்.

ஒரு தாளில் எழுதி உம்மாவிடம் கொடுத்தேன். “மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றவும்” என்றிருந்தது. உம்மா கீழே இருந்த மூடியைத் திறந்தார். இருந்த தண்ணீரும் காலடியில் ஓடியது.

“எந்த மூடி என்று நீ எழுதவில்லையே மகள்!”

பிழை என் வசனத்தில்தான். பம்பில் இரண்டு மூடிகள் உண்டு என்பது எனக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது.

அறிஞர் அல்-ஜஸரீ இதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். 1206இல் அவர் முடித்த நூலில் நீர்க்கடிகாரங்கள், நீர் இறைக்கும் பொறிகள் என ஐம்பது கருவிகள் உள்ளன. படம் வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்துகளால் அடையாளமிட்டு, அளவுகளோடு விளக்கினார். அவரிடம் கேட்க முடியாத காலத்திலும், 1976இல் லண்டனில் அவரது நீர்க்கடிகாரம் ஒன்றை அந்த விளக்கத்தைக் கொண்டு மீண்டும் செய்தார்கள்.

நானும் மேல் மூடிக்குச் சிவப்பு மையால் ‘அ’ என்றும், கீழ் மூடிக்கு ‘ஆ’ என்றும் குறியிட்டுத் தாளைத் திருத்தினேன்:

1. மின்சார ஆளியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றவும்.
2. ‘ஆ’வைத் தொட வேண்டாம். ‘அ’வைத் திறக்கவும்.
3. குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் ஊற்றவும்.
4. ‘அ’வை இறுக்கி மூடவும். கை உலர்ந்த பின் பிளக்கைச் செருகி, ஆளியைப் போடவும்.
5. சிறிது நேரத்தில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்தவும். மீண்டும் 1இலிருந்து செய்யவும். இரண்டாம் முறையும் வராவிட்டால் ஆளை அழைக்கவும்.

சகோதரிகளே, எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னே எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வையுங்கள். ஒரு வரியில் ஒரு வேலை போதும். எழுதி முடித்ததும், அந்த வேலையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பார்த்திருங்கள். அவர் தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

போன மாதம் நான் வகுப்பிலிருந்து வீடு திரும்பியபோது தாங்கி நிரம்பியிருந்தது. காலையில் மோட்டர் மறுபடி இழுக்கவில்லையாம். உம்மா யாரையும் அழைக்கவில்லை. தாள் மட்டும் நனைந்திருந்தது.