மீட்டர் காட்டுவதெல்லாம் ஆம்பியர் அல்ல

கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டிங் மெஷினின் மீட்டர் செத்துக் கிடந்தாலும் வேலை ஓடும். திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் அது நடக்காது. எந்த ஜாயின்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஓடியது என்று ஆய்வாளர் கேட்பார். அந்த மீட்டரைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கை தேர்ந்த வெல்டருக்கு மீட்டர் எதற்கு? ஆர்க் சத்தமே சொல்லிவிடும்.

உண்மை: ராடு ஒட்டுகிறதா, ஓரம் அரிக்கிறதா என்பதைக் கண்ணும் காதும் சொல்லும். இரும்புக்குள் போன வெப்பம் எவ்வளவு என்பதைச் சொல்லாது. அது வோல்ட், ஆம்பியர், கை நகரும் வேகம் மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு. 24 வோல்ட், 180 ஆம்பியர், நிமிடத்துக்கு 200 மி.மீ. வேகம் என்றால் ஒரு மி.மீ. நீளத்துக்குச் சுமார் 1.3 கிலோஜூல். ஆம்பியர் மீட்டர் 10 சதவீதம் குறைத்துக் காட்டினால் இந்தக் கணக்கும் அதே அளவு குறையும். வெப்பம் எல்லை மீறியிருந்தாலும் பதிவேட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

நம்பிக்கை 2: டிஜிட்டல் மீட்டர் பொய் சொல்லாது.

உண்மை: பல மெஷின்களில் மீட்டர் ஆம்பியரை நேரடியாக அளப்பதில்லை. கரண்ட் போகும் வழியில் உள்ள ஷண்ட் என்ற சிறு மின்தடையில் விழும் மில்லிவோல்ட்டை அளந்து, அதை ஆம்பியராக மாற்றிக் காட்டுகிறது. ரிப்பேரின்போது, 300 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷண்ட்டில் 400 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் மீட்டரை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? 150 ஆம்பியர் ஓடும்போது திரையில் 200 தெரியும். எண் ஆடாமல் பளிச்சென்று நிற்கும். ஆனால் தப்பான எண். சில இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களில் ஆர்க் அடிக்கும் முன் தெரிவது நாம் வைத்த அளவு மட்டுமே, ஓடும் கரண்ட் அல்ல.

நம்பிக்கை 3: கிளாம்ப் மீட்டரை மாட்டி, ராடைப் பிளேட்டில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

உண்மை: ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் டிசி வெல்டிங்குக்கு உதவாது, ஹால் சென்சார் உள்ளது வேண்டும். ராடை ஒட்டினால் கிடைப்பது ஷார்ட் சர்க்யூட் கரண்ட். ஆர்க் எரியும்போதோ எண் ஓரிடத்தில் நிற்காது. அதனால்தான் ஆர்க்குக்குப் பதிலாக, கரண்டை நிலையாக இழுக்கும் மின்தடைத் தொகுப்பான லோடு பேங்க் வைத்துச் சோதிக்கிறார்கள். ராடு வெல்டிங்குக்கு ஐ.இ.சி. 60974-1 என்ற தரநிலை தரும் கணக்கு: 600 ஆம்பியர் வரை, ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி 20 கூட்டினால் சோதனை வோல்ட். 150 ஆம்பியருக்கு 26 வோல்ட். கீழ், நடு, மேல் அளவுகளில் ஓடவிட்டு, மெஷின் மீட்டரையும் சான்று பெற்ற மீட்டரையும் ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டும்.

நம்பிக்கை 4: மெஷினில் காட்டும் வோல்ட்தான் ஆர்க்கிலும் இருக்கும்.

உண்மை: கேபிள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 50 சதுர மி.மீ. செப்புக் கேபிள் போக 30 மீட்டர், வர 30 மீட்டர் என்றால், 200 ஆம்பியரில் சுமார் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். மீட்டர் சரி, அளந்த இடம்தான் வேறு.

நம்பிக்கை 5: கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை.

உண்மை: ஸ்டிக்கர் சோதித்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். மெஷின் கீழே விழுந்தாலோ, போர்டோ ஷண்ட்டோ மாற்றினாலோ மறுபடி சோதிக்க வேண்டும். சரிசெய்யும் முன் இருந்த பிழையும் பதிவாக வேண்டும். அது தெரியாவிட்டால், போன சோதனைக்குப் பிறகு போட்ட ஜாயின்ட்களை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

எனவே கேலிபரேஷன் சான்றிதழ் கைக்கு வந்ததும் முத்திரையை மட்டும் பார்த்து ஃபைலில் போடாதீர்கள். எந்த ஆம்பியரில் எவ்வளவு பிழை என்ற பட்டியலைப் படியுங்கள். பட்டியல் இல்லாத சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.