டிராக்டருக்கு டயர் வந்த கதை: காற்றைக் கவனித்தால் வாடகை மிச்சம்

டிராக்டரை வாடகைக்கு எடுத்து உழும் சிறு விவசாயி மணிக்கணக்கில் பணம் கொடுக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் கலப்பை எவ்வளவு நேரம் உழுதது, சக்கரம் எவ்வளவு நேரம் வீணாகச் சுற்றியது என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. டயரில் காற்று சரியாக இல்லாவிட்டால், முன்னேறாமல் வழுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்தே அவர் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். வழுக்குவதையும் அளந்து பார்க்க முடியும். அதற்கு முன், டயர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதை விளக்க, டயர் வயலுக்கு வந்து சேர்ந்த கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை.

கால்நடை மருத்துவரின் சோதனை

காற்றடைத்த டயரை உலகில் நிலைக்கச் செய்தவர் ஒரு கால்நடை மருத்துவர். ஜான் பாய்டு டன்லப் என்ற அவர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்துவந்தார். அவருடைய சிறுவயது மகன் கெட்டி ரப்பர் சக்கரம் பூட்டிய மூன்று சக்கர சைக்கிளை ஓட்டி, கல் பாவிய தெருவில் அதிர்ந்து அதிர்ந்து சென்றான். அதைச் சரிசெய்ய டன்லப் முயன்றார். மரத்தால் ஆன ஒரு வட்டில் ரப்பர்க் குழாயைச் சுற்றி, துணியால் மூடி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றை ஏற்றினார். பிறகு சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இந்தப் புதிய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்துவிட்டது. காற்றடைத்த சக்கரம் முற்றத்தின் கோடிவரை ஓடி முட்டி நின்றது. இந்தச் சோதனைக்கு வட்டும் குழாயும் பம்பும் தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். குதிரை வண்டிகளிலும் பூட்டிக் காட்டினார். ஆனால் அன்று நல்ல ரப்பர்க் குழாய் எளிதில் கிடைக்காததால் அந்த முயற்சி மறக்கப்பட்டுவிட்டது.

ஆரஞ்சுத் தோட்டத்தில் பழைய டயர்

சைக்கிளுக்கும் காருக்கும் டயர் வந்த பிறகும் டிராக்டர் இரும்புச் சக்கரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மண்ணைப் பிடிப்பதற்காக அந்தச் சக்கரத்தில் கூரான இரும்புப் பற்கள் இருந்தன. அவை சாலையைப் பெயர்த்தன. ஓட்டுநரின் இடுப்பை ஒடித்தன. எல்லாவற்றையும்விட, மேல் மண்ணில் பரவியிருக்கும் மர வேர்களை அறுத்தன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆரஞ்சு விவசாயிகளுக்கு இதனால் பெரும் தொல்லை. 1920-களின் இறுதியில் அவர்களில் சிலர் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள். லாரிகளிலிருந்து கழித்துப் போட்ட பழைய டயர்களை டிராக்டரின் இரும்புச் சக்கரத்தின் மேல் மாட்டி ஓட்டினார்கள். அவற்றில் டியூபும் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் வேர்கள் தப்பின. தொழிற்சாலைகளின் கவனத்தை டிராக்டர் டயரின் பக்கம் திருப்பியதில் இந்தத் தோட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

விமான டயர் வயலுக்கு வந்தது

1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் என்ற டிராக்டர் நிறுவனம், விமானத்துக்குச் செய்த பயர்ஸ்டோன் டயர்களைத் தன் டிராக்டரில் பூட்டி, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பால் பண்ணையில் ஓட்டிப் பார்த்தது. விமான டயர் பெரியது, அகலமானது, குறைந்த காற்றில் நிற்கக் கூடியது. அதனால்தான் மண்ணில் அது நன்றாக வேலை செய்தது.

ஆனால் விவசாயிகள் உடனே நம்பவில்லை. அறுவடைக் கட்டை குத்தி டயர் பஞ்சராகும், ஈர மண்ணில் வழுக்கும் என்று தயங்கினார்கள். அவர்களை நம்பவைக்க அந்த நிறுவனம் விநோதமான வழி ஒன்றைக் கையாண்டது. புகழ்பெற்ற கார் பந்தய வீரர்களைக் கொண்டு, பொருட்காட்சிகளில் டிராக்டர்ப் பந்தயம் நடத்தியது. 1933-ல் பார்னி ஓல்டுபீல்டு என்ற வீரர் டயர் பூட்டிய டிராக்டரை மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். உழவுக்கு அந்த வேகம் தேவையில்லைதான். ஆனால் ஒரே டிராக்டர் காலையில் உழுது மாலையில் விளைச்சலைச் சந்தைக்கு இழுத்துச் செல்லும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 1940 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதிய டிராக்டர்களில் பெரும்பாலானவை டயரோடு வந்தன.

இரண்டாம் உலகப் போரில் 1942-ல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் பெருந்தொகையாகப் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள் அங்கேதான் இருந்தன. மேல்நாடுகளுக்கு ரப்பர் வரத்து அடைபட்டது. உடனே அமெரிக்க டிராக்டர்களில் பல மீண்டும் இரும்புச் சக்கரத்துக்குத் திரும்பின. போர் முடிந்த பிறகே டயர் மறுபடி நிலைத்தது.

காற்று செய்யும் வேலை

இரும்புச் சக்கரம் மொத்தப் பாரத்தையும் சிறிய இடத்தில் இறக்குகிறது. அதனால் மண்ணில் புதைகிறது. தான் தோண்டிய பள்ளத்திலிருந்து தானே மேட்டில் ஏறுவதுபோல ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. டயரோ அடியில் சற்றுச் சப்பையாகி, பாரத்தை அகலமாகப் பரப்புகிறது. ஏறக்குறைய டயருக்குள் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறதோ, ஒவ்வொரு சதுர அங்குல மண்ணின் மேலும் அத்தனை பவுண்டு அழுத்தம் விழும் என்று கொள்ளலாம். காற்று கூடினால் டயர் விறைத்து, இரும்புச் சக்கரத்தின் குணத்துக்குத் திரும்புகிறது. மண்ணைப் பிடிக்காமல் வழுக்கும், மண்ணையும் இறுக்கும். காற்று மிகவும் குறைந்தாலோ டயரின் பக்கச் சுவர் மடிந்து வெடித்துப்போகும்.

உழவு வேலையில் பின் டயருக்குப் பொதுவாக 12 முதல் 16 பவுண்டு வரை காற்று போதும். டிரெய்லரில் பாரம் ஏற்றிச் சாலையில் போகும்போது கூடுதலாக வேண்டும். சரியான அளவு டிராக்டரின் கையேட்டில் இருக்கும். அதையே பின்பற்ற வேண்டும். சாலைக்கு அடித்த காற்றோடு அப்படியே வயலில் இறங்குவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

வழுக்கலை அளக்கும் முறை

இந்தச் சோதனைக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் போதும்.

1. பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும்.

2. உழ வேண்டிய வயலிலேயே, கலப்பையைத் தூக்கிய நிலையில் டிராக்டரை ஓட்டி, சக்கரம் 10 சுற்று சுற்றுவதற்குள் போகும் தூரத்தை அளக்க வேண்டும்.

3. பிறகு கலப்பையை இறக்கி, உழுதுகொண்டே 10 சுற்றில் போகும் தூரத்தை அளக்க வேண்டும்.

கலப்பை இல்லாமல் 40 மீட்டரும் உழும்போது 34 மீட்டரும் போனால், குறைவு 6 மீட்டர். அதாவது 15 சதவீத வழுக்கல். 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்குவது இயல்பு. 30 மீட்டர்தான் போனது என்றால் 25 சதவீதம் வழுக்கியிருக்கிறது. நான்கு மணி நேர வாடகையில் ஒரு மணி நேரம் வீண் என்பது இதன் பொருள். அப்போது காற்றைச் சரிபார்க்க வேண்டும், கலப்பையின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், மண் ஈரமாக இருந்தால் காய விட வேண்டும். பட்டன் தேய்ந்து மொட்டையான டயராக இருந்தால், அந்த டிராக்டரை வாடகைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

இந்தச் சோதனையைக் கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் செய்யலாம். ரோட்டவேட்டருக்குப் பொருந்தாது. அது டிராக்டரைத் தானே முன்னால் தள்ளக் கூடியது.

டயர் மாட்டியிருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால், டயரின் பட்டன்கள் கூரை முகடுபோல மேல்நோக்கிக் குவிந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் சேறு வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும், பிடிப்பும் குறையும்.

வழுக்கலைக் குறைக்கச் சிலர் பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறார்கள். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி முக்கால் பங்கு மட்டுமே நிரப்ப வேண்டும். காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பினால் டயருக்கு மெத்தைத் தன்மை போய்விடும். வேலை முடிந்த பின் தேவையில்லாத பாரத்தை இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு கிலோவும் மண்ணைத்தான் அழுத்துகிறது.

மண் இறுகியதா?

டிராக்டர் போன தடத்தில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். தடம் படாத இடத்திலும் அதே விசையோடு அழுத்த வேண்டும். தடத்தில் கம்பி இறங்க மறுத்தால், பயிரின் வேரும் அங்கே இறங்கத் திணறும். ஈர மண்ணில்தான் இந்தக் கேடு மிகுதி. ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். உதிர்ந்தால் உழலாம். உடையாமல் அப்பிக்கொண்டால் இரண்டொரு நாள் பொறுக்க வேண்டும். கேட்டின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. ஆகையால், வயலைச் சுற்றிச் சுற்றி வராமல், போன தடத்திலேயே திரும்பப் போவது நல்லது.

சேற்றுழவில் மட்டும் இரும்புக்கே இன்றும் வேலை இருக்கிறது. நடவு வயலில் டயர் தனியாக நின்றால் புதையும். அங்கே கேஜ் வீல் உதவுகிறது. ஆனால் சாலையில் ஏறும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புச் சக்கரம் செய்த கேட்டையே அதுவும் செய்யும்.

டயர் வண்டிக்கும் இதே பாடம்

மாட்டு வண்டியிலும் இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டியைவிட டயர் வண்டி எளிதாக உருளும். மேடு பள்ளத்திலும் இளகிய மண்ணிலும் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் எளிதாக உருளுகிறதே என்று பாரத்தை ஏற்றிக்கொண்டே போவது தவறு. இறக்கத்தில் அத்தனை பாரமும் மாட்டின் கழுத்தில்தான் விழும். சாலையில் டயரின் காற்று குறைந்தாலும் இழுக்கும் சுமை கூடும். டிராக்டரில் காற்று சரியில்லை என்றால் டீசல் செலவு காட்டிக்கொடுக்கும். மாடு வாய் திறந்து சொல்லாது. கழுத்துப் புண் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே வண்டி பூட்டும் முன் இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

டன்லப் ஒரு வட்டை உருட்டிப் பார்த்தார். ஆரஞ்சு விவசாயிகள் பழைய டயரை மாட்டிப் பார்த்தார்கள். அதுபோல, அடுத்த உழவுக்கு டிராக்டர் வரும்போது, விவசாயி சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவுமாக வரப்பில் நிற்கலாம். அளந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். வீணாகும் ஒரு மணி நேர வாடகை அதில் மிச்சமாகக்கூடும்.