மார்கழிக் கடல் ஆளை விழுங்குமா?

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் போதும், “மார்கழியில் ராமேஸ்வரம் பக்கம் துடுப்புப் படகில் இறங்காதே, கடல் ஆளை விழுங்கிவிடும்” என்ற பேச்சு கள்ளக்குறிச்சியில் கிளம்பிவிடுகிறது. கடலே இல்லாத மாவட்டத்தில் கடலைப் பற்றிய தீர்ப்புக்கு மட்டும் பஞ்சமில்லை. ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவக்காற்றில் கொந்தளிப்பது வடகடல்; காற்றைத் தீவே மறிப்பதால் தென்கரையோரம் பெரும்பாலும் தணிந்து கிடக்கும். கல்வராயன் மலையில் எந்தச் சரிவு காற்றை வாங்குகிறது, எது ஒதுக்கம் என்று தெரிந்தவர்களுக்கு இதில் என்ன குழப்பம்? தென்மேற்குக் காற்றில் எல்லாம் தலைகீழ். தீவின் மீனவர்கள் காற்றுக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வது இதனால்தான்.

“1964 டிசம்பரில் தனுஷ்கோடியே போனதே?” என்பார்கள். போனது உண்மை, கொண்டுபோனது புயல். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருந்தால் எந்தக் கரையிலும் இறங்கக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்ற நாட்களில் அஞ்ச வேண்டியது, வதந்தி சொல்லாத வேறொன்று: தென்கரையில் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். துடுப்பை நிறுத்தினால் படகு சத்தமில்லாமல் வெளியே நகரும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உதவட்டும். கரையை விட்டு விலகாதீர்கள், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள்.

குளிரில் கடலுயிர்கள் ஆழத்துக்கு ஓடிவிடும் என்பதும் கட்டுக்கதை. குளிரில் அல்ல, பவளப்பாறைகள் வெளுத்தது 2010, 2016 கோடை வெப்பத்தில். நீர் வற்றும்போது பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு வாயை மூடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும்; நட்சத்திர மீன் அடிப்புறத்துக் குழாய்க்கால்களால் மெல்ல நகரும். கரையில் கிடக்கும் சங்கெல்லாம் காலி என்பதும் பொய், பலவற்றில் நண்டு குடியிருக்கிறது. கடல் அட்டையைத் தொடவே வேண்டாம். 2001 முதல் அது சட்டப்படி புலிக்கு நிகரான பாதுகாப்பில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது.

பாறை உயிர்களைப் பார்க்க நீர் வற்ற வேண்டும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது அதிகம் வற்றும். நம் தினசரிக் காலண்டரில் ராகு காலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது, குளிகை இருக்கிறது. பாம்பனில் நீர் வற்றும் நேரம் இல்லை. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. காலண்டர் அச்சிடுபவர்களே, அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.