தன்னோடு ஓடும் பந்தயம்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில், யூதத் தெருவின் முடிவில், பழைமையான ஜெப ஆலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்தக் கூண்டின் கடிகார முகங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் காணப்படுகின்றன. மிளகும் ஏலமும் தேடிப் பல தேசத்தார் வந்து கூடிய துறைமுகம் அது. ஒவ்வொருவரும் தாம் அறிந்த எழுத்தில் நேரம் பார்த்துக்கொண்டனர். காலம் ஒன்றே, அதை வாசித்த எழுத்துகள்தாம் பல.

அந்நகரில் இன்று நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தான் அவற்றுள் ஒன்று. இத்தகைய பந்தயங்களின் முடிவுக்கோட்டில் ஒரு வியப்பைக் காணலாம். முதலிடம் ஒருவருக்கே உரியது. எனினும் நானூறாவதாக வந்து சேரும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நிற்கிறார். சென்ற முறை 2 மணி 10 நிமிடத்தில் கடந்த அரை மாரத்தான் தூரத்தை இம்முறை 2 மணி 8 நிமிடத்தில் கடந்திருப்பார். இதனைப் 'பர்சனல் பெஸ்ட்' என்பர். ஒருவர் தம் வாழ்நாளில் அதுவரை எட்டிய மிகச் சிறந்த நேரம் என்பது பொருள். அவர் வென்றது வேறு எவரையும் அன்று, நேற்றைய தம்மையே. ஒரே கடிகாரத்தை அவர் தமக்குரிய எழுத்தில் வாசிக்கிறார்.

இந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? அது எவ்வளவு காலம் நிலைக்கும்? ஆன்ம சாதகனுக்கு இவ்விரு கேள்விகளும் பயன் தருபவை.

வலிமை இருக்கும்போதே அடக்கம்

கொச்சி கடல் மட்டத்தை ஒட்டிய சமதள நகரம். பாலங்களைத் தவிர ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆயினும் அங்கு ஓடுவது எளிதன்று. கடற்காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது எளிதில் ஆவியாகாமல் வழிந்தோடுவதால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனாலேயே ஓட்டங்கள் விடியுமுன் தொடங்குகின்றன.

உடலுக்குள்ளும் ஓர் எல்லை உண்டு. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்தே வேக ஓட்டத்தின் முதன்மையான எரிபொருள். 42.195 கிலோமீட்டர் கொண்ட முழு மாரத்தானில், ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குப் பின் அந்தச் சேமிப்பு பலருக்கு வற்றத் தொடங்குகிறது. தொடக்கத்தில் அளவுக்கு மீறி விரைந்தவரின் கால்கள் அங்கே கல்லாகின்றன. முதல் சில கிலோமீட்டர்களில் கால்கள் துள்ளும். உடன் ஓடுவோர் முந்திச் செல்வர். மனம் 'இன்னும் வேகம்' என்று தூண்டும். அப்போது தம் வேகத்தை அறிந்து அதிலேயே நிற்பவர்தாம் இறுதியில் தம் பழைய நேரத்தை வெல்கிறார்.

சோர்ந்தபோது அடங்கியிருப்பது எவர்க்கும் இயலும். வலிமை பொங்கும்போது அடங்கியிருப்பதே கட்டுப்பாடு. கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் யோகிக்கு மிதத்தை வகுப்பது இதனால்தான். பயிற்சியால் களைத்த உடல் ஓய்வின்போதே தன்னைச் சீரமைத்து வலுப்பெறுகிறது என்பதை ஓட்டக்காரர் நன்கு அறிவர்.

கோபியின் வரலாறு

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தைச் சேர்ந்தவர் கோபி தொனக்கல்; இராணுவ வீரர். 2016 ஜனவரியில் மும்பை மாரத்தானில் அவருக்கு அளிக்கப்பட்ட பணி, சக வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் காட்டுவது. குறித்த வேகத்தில் முன்னே ஓடி மற்றொருவரின் வெற்றிக்கு வழியமைப்பதே அப்பணி. கோபி அதனைச் செய்தார். அத்துடன் நிற்காமல் ஓட்டத்தையும் முடித்தார். இந்தியருள் இராவத் முதலாவதாக, கோபி 2 மணி 16 நிமிடம் 15 விநாடியில் இரண்டாவதாக வந்தார். ரியோ ஒலிம்பிக்கின் தகுதி நேரம் 2 மணி 19 நிமிடம். பிறருக்கு உதவ ஓடியவருக்கு ஒலிம்பிக்கின் கதவு திறந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், ரியோவில் அவர் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். அதுவரை அவர் எட்டியவற்றுள் அதுவே சிறந்த நேரம். கிடைத்த இடமோ 25. தங்கம் வென்ற கென்யாவின் எலியூட் கிப்சோகே அவருக்கு 6 நிமிடம் 41 விநாடி முன்னதாகவே முடித்திருந்தார். ஒரு விநாடி பின்னால் 26-ஆவதாக வந்தவர் மற்றோர் இந்தியரான கேதா ராம்.

2017 நவம்பரில் சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் சாம்பியன்ஷிப் நடைபெற்றது. கோபி 2 மணி 15 நிமிடம் 48 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தனிப் போட்டியாக நடத்தப்படும் அந்தப் பந்தயத்தில் வென்ற முதல் இந்திய ஆண்மகன் அவரே.

இரண்டு நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். தங்கம் தந்த ஓட்டம், 25-ஆம் இடம் தந்த ஓட்டத்தைவிட 23 விநாடி மெதுவானது! உடன் ஓடுவோர் யார், அன்றைய வெயில் எப்படி, பாதை எத்தகையது என்பவை ஓடுபவரின் கையில் இல்லை. பயிற்சியும் நிதானமும் மட்டுமே அவருக்கு உரியவை. செயலில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்னும் கர்மயோகக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எளிதில் கிடைக்காது. பதக்கத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தால் ரியோ அவருக்குத் தோல்வியாக முடிந்திருக்கும். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். 2019 மார்ச்சில், சியோலில், 2 மணி 13 நிமிடம் 39 விநாடி என்று தம் நேரத்தை மேலும் செம்மைப்படுத்தினார்.

எண் நின்றுபோகும் நாள்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிறரோடு ஒப்பிடுவதை விட்டவன், தன் எண்ணோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளக் கூடும். 'என் நேரம்' என்பதும் அகந்தையின் ஒரு வடிவமே. நேரம் குறையும்போது பூரிப்பும், கூடும்போது வெறுமையும் என்றால், அவன் ஓர் எசமானனை விட்டு மற்றோர் எசமானனிடம் அடிமையானவன்.

உடலுக்கு முதுமை உண்டு. எவ்வளவு முயன்றாலும் இனி ஒரு விநாடியும் குறையாது என்ற நாள் ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் வரும். அந்நாளில் எஞ்சுவது என்ன? விடியலில் சோம்பலை உதறி எழுந்த பழக்கம், வலியைக் கண்டு அஞ்சாத மனம், தன் அளவை அறிந்த அறிவு ஆகியவையே. எண் என்பது ஏணி. பண்பு என்பது ஏறிச் சேர்ந்த மாடி. அப்யாசத்தோடு வைராக்கியத்தையும் சேர்த்தே சாத்திரங்கள் சொல்வது இதனால்தான். முயற்சி முழுமையாக இருக்க வேண்டும். முயற்சியின் விளைவைப் பற்றிய பிடி தளர்ந்திருக்க வேண்டும்.

சாதகனும் தன் பாதையில் இவ்வாறே நடக்கலாம். அடுத்தவர் எத்தனை மணி நேரம் தியானத்தில் அமர்கிறார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். நேற்று எழுந்த கோபம் இன்று சற்று முன்னதாகத் தணிந்ததா என்று பார்த்தால் போதும். அத்துடன், மும்பையில் கோபி செய்ததுபோல், மற்றொருவர் முன்னேறத் தன் வேகத்தைக் கொடுத்து உதவவும் வேண்டும். பிறருக்காக ஓடிய பாதையிலேயே நம் பாதையும் திறக்கக்கூடும். திறக்காவிட்டாலும் அந்த ஓட்டம் வீணாவதில்லை.

சிந்தனைக்கு

1. வலிமையும் உற்சாகமும் மிகுந்த வேளையில் நான் எதில் அளவு மீறுகிறேன்?

2. என் முயற்சியை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறேன்: பிறர் பெற்ற இடத்தாலா, நேற்றைய என் நிலையாலா?

3. இன்று யாருடைய முன்னேற்றத்திற்கு நான் வேகம் காட்டுபவனாக இருக்க இயலும்?