யாங்கோன் வீட்டுப் பட்டறைக்கு எந்த மரவேலை இதழ்?

தேக்குக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு, அமெரிக்க ஓக் பலகையில் மேசை செய்யும் கட்டுரையைப் பார்த்துத்தான் நம்மில் பலர் வேலை பழகுகிறோம். நல்ல மரவேலை இதழ்களில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று வெளிநாடுகளிலிருந்து வருபவை. அவற்றில் நம் வீட்டுக்கு எது ஒத்துவரும், எது வராது என்று பிரித்தறியச் சில குறிப்புகள்.

1. முதலில் இடத்தை அளந்து பாருங்கள். யாங்கோன் நகரத்து அடுக்குமாடி வீடு பெரும்பாலும் 12½ அடி அகலம், 50 அடி நீளம். அமெரிக்க இதழோ, வாசகருக்குக் கார் நிற்கும் கொட்டகை ஒன்று முழுதாக இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறது. முன்னறை மூலையோ பால்கனியோதான் பட்டறை என்றால், மடக்கு மேசை, சுவரில் மாட்டும் ஆயுத அலமாரி போன்றவற்றுக்குப் படம் போடும் இதழாகப் பாருங்கள். மேல்மாடிக்காரர் தூங்கும் நேரம் எது என்று எந்த இதழும் சொல்லாது.

2. அடுத்தது மின்சாரம். இங்கே அது போகும், வரும். டேபிள் சா, பிளேனர், ரூட்டர் மூன்றும் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காத இதழை வாங்கினால் பாதி நாள் படம் பார்ப்பதோடு சரி. உளி, இழைப்புளி, கைரம்பம், கொட்டாப்புளி இவற்றை வைத்துக் கற்றுத்தரும் இதழே நமக்கு முதல் தேர்வு.

என்னைக் கேட்டால், 1901இல் தொடங்கிய ‘தி உட்வொர்க்கர்’ என்ற பிரிட்டிஷ் இதழின் பழைய பக்கங்களைத்தான் முதலில் சொல்வேன். சார்லஸ் ஹேவர்ட் அதன் ஆசிரியராக இருந்தது இரண்டாம் உலகப் போரையும் அதன் பிறகு வந்த தட்டுப்பாட்டையும் உள்ளடக்கிய காலம். மரமும் கிடைக்காது, இயந்திரமும் கிடையாது. அதனால் இருக்கிற துண்டுப் பலகையை வைத்துக் கையாலேயே எப்படிச் செய்வது என்றே கட்டுரைகள் போகும். விளக்கப் படங்களை அவரே வரைந்தார். உளியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது ஒரு கோட்டோவியத்தில் புரிந்துவிடும். அந்தக் கட்டுரைகளைப் பொறுக்கி, அமெரிக்காவின் லாஸ்ட் ஆர்ட் பிரஸ் பெரிய தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. பளபளப்பு கிடையாது; வேலை கிடைக்கும்.

3. பிற பெயர்கள் சுருக்கமாக: ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ (1975) ஆழமானது. மூட்டுகளையும் மரத்தின் குணத்தையும் விரிவாகச் சொல்லும், ஆனால் முதல் வருடத்தில் திகைக்க வைக்கும். ‘உட்ஸ்மித்’ (1979) விளம்பரமில்லாத இதழ் என்று பெயரெடுத்தது. படிப்படியான வரைபடம் அதன் பலம், புதியவருக்கு ஏற்றது. ‘உட்’ (1984) வார இறுதி வேலைகளுக்கு. ‘மார்ட்டிஸ் அண்ட் டெனன்’ முழுக்கக் கைக்கருவி, கொஞ்சம் தத்துவமும் உண்டு.

4. படத்தில் எழுதியிருக்கும் மரத்தைத் தேடி அலைய வேண்டாம். மேப்பிளும் வால்நட்டும் இங்கே எதற்கு? அதே அளவில் தேக்கைப் போடலாம். ஆனால் இதழ் சொல்லாத இரண்டு விஷயங்களை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, தேக்கில் சிலிக்கா உண்டு. உளி சீக்கிரம் மழுங்கும், சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டு, தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு; ஒட்டும் இடத்தைப் புதிதாக இழைத்தோ, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தோ, உடனே பசை போட வேண்டும். படாக் அழகான சிவப்பு, கொஞ்சம் பழகிய பிறகு தொடலாம். ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போகும் பியின்கடோவில் உளிவேலை பழக நினைப்பவருக்கு என் அனுதாபம்.

5. நம் பக்கத்து மரங்களைப் பற்றி இதழ்களில் தேடினால் ஏமாற்றம்தான். 1881இல் வந்த கேம்பிளின் ‘எ மேனுவல் ஆஃப் இந்தியன் டிம்பர்ஸ்’ பர்மிய மரங்களையும் சேர்த்துச் சொல்கிறது. பதிப்புரிமைக் காலம் கடந்த நூல். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

6. அளவு விஷயத்தில் விழிப்பு வேண்டும். அமெரிக்க இதழில் ‘இரண்டுக்கு நாலு’ என்றிருந்தால் கட்டை உண்மையில் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம்தான். அவர்கள் மரத்தைக் கணக்கிடும் ‘போர்டு ஃபுட்’ என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். நம் ஊர் மரக்கடையின் ஒரு டன், அதாவது 50 கன அடி, 600 போர்டு ஃபுட் ஆகும். ஆஸ்திரேலிய இதழ்கள் மில்லிமீட்டரில் பேசும். அங்குலத்துக்கு எட்டு நூல் என்று பழகிய கைக்குப் பழைய பிரிட்டிஷ் இதழே சுகம்.

7. மழை. அமெரிக்கக் கட்டுரை, மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதம் இருக்கட்டும் என்று சொல்லும். அது குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் கணக்கு. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதமாக நிற்கும் மழைமாதங்களில் மரத்தின் ஈரம் 18 சதவீதத்தை நெருங்கிவிடும். 12 சதவீதத்திலிருந்து 18க்கு ஏறினால், ஓரடி அகலத் தேக்குப் பலகை ஒரு நூலுக்குச் சற்று மேலேயே விரியும். சிவப்பு ஓக் என்றால் ஏறக்குறைய இரண்டு நூல். ஆகவே மார்ச் மாதத்தில் இழுப்பறை செய்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஆகஸ்டில் செய்தால் இறுக்கமாகவே பொருத்தலாம், மழை விட்டதும் தானே தளரும். மரம் விரிவதையும் சுருங்குவதையும் விளக்காமல் பலகையைச் சட்டத்தில் நான்கு பக்கமும் ஒட்டச் சொல்லும் இதழை அங்கேயே மூடிவிடுங்கள். இந்த ஒரு சோதனையே பல இதழ்களைக் கழித்துவிடும்.

8. ஷெல்லாக் பாலிஷ் கட்டுரைகளை மழை முடிந்த பிறகு செய்து பார்க்கலாம். ஈரக்காற்றில் பூசினால் வெண்மை படரும்.

9. இயந்திர மதிப்பீட்டுப் பக்கங்களைத் தாண்டிவிடலாம். அமெரிக்கக் கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

10. பழைய இதழுக்குப் பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளையும் 37ஆம் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். வாங்குமுன் நடுப்பக்கத்தைப் பாருங்கள். முழு அளவு வரைபடத்தை யாரோ கிழித்துப் போயிருப்பார்கள். ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசம். மரச்சாமான் வேலைகள் அவற்றில் நிறைய.

11. ஃபெவிகால் நிறுவனத்தின் ஃபர்னிச்சர் புத்தகம் தமிழ்நாட்டுத் தச்சர் பலரின் பையில் இருக்கும். வீட்டுக்காரரிடம் காட்டி மாதிரி தேர்ந்தெடுக்கச் செய்ய அருமையானது. மூட்டு எப்படிப் போடுவது என்பதை அதில் தேடாதீர்கள்.

12. ஓர் இதழில் ஒரு மூட்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துளை-கழுந்து மூட்டை வீணான துண்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டு, கழுந்து கையால் தட்டியதும் இறங்கி ஆடாமல் நிற்கும்வரை புறாவால் மூட்டுப் பக்கம் போக வேண்டாம். அதன் பிறகு சாமி அலமாரி. அப்படி ஒரு வரைபடம் எந்த வெளிநாட்டு இதழிலும் வராது. சுவரில் மாட்டும் சிறு அலமாரியின் படத்தை எடுத்து, கதவைக் கழற்றி, விளக்குச் சூடு படாதபடி மேல்தட்டை உயர்த்திக்கொண்டால் போதும்.

13. வழவழப்பான தாள் மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் கிழியும். வேண்டிய கட்டுரையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டுங்கள். மூல இதழ் கறையான் எட்டாத மேல்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் இருக்கட்டும்.