பெருநகரின் எல்லை எங்கே?

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள் தொகை எவ்வளவு? 46 லட்சத்து 47 ஆயிரம் என்கிறார் ஒரு மாணவர். 86 லட்சத்து 54 ஆயிரம் என்கிறார் மற்றொருவர். இருவர் விடையும் சரியே! முதல் எண் அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோரைக் குறிக்கும். இரண்டாவது எண், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த 'சென்னை நகர்த்திரள்' முழுவதற்கும் உரியது. எண்ணிக்கையில் பிழையில்லை, எல்லைகள்தாம் வேறு.

வளிமண்டலம் எங்கே முடிகிறது? மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி சிறிது சிறிதாகக் குறைகிறதே தவிர, ஓரிடத்தில் திடீரென்று அற்றுப்போவதில்லை. இருப்பினும் கணக்கிட ஒரு கோடு வேண்டுமல்லவா? எனவே கடல் மட்டத்திற்கு மேல் 100 கிலோமீட்டர் உயரத்தை விண்வெளியின் தொடக்கமாகப் பலர் கொள்கின்றனர். நகரமும் இத்தகையதே. மாநகராட்சி எல்லைக்கு அப்பாலும் வீடுகளும் தொழிற்சாலைகளும் தொடர்கின்றன. படிப்படியாகவே வயல்கள் தென்படுகின்றன. கோட்டை எங்கே போடுவது? இதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு விதி வகுத்துள்ளது.

இந்திய முறை

மாநகராட்சியும் நகராட்சியும் சட்டப்படியே நகரங்கள். ஊராட்சியின் கீழுள்ள ஊரையும், பின்வரும் மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால், கணக்கெடுப்பில் நகரமாகக் கொள்வர்:

1. மக்கள் தொகை குறைந்தது 5,000 இருக்க வேண்டும்.
2. ஆண்டின் பெரும்பகுதி வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும்.
3. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும்.

இத்தகைய நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியின்றி வளர்ந்திருந்தால் அவற்றைச் சேர்த்து 'நகர்த்திரள்' என்பர். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் இம்முறை வழக்கில் உள்ளது. 2011இல் 10 லட்சத்திற்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட திரள்களும் நகரங்களும் இந்தியாவில் 53. அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மாநகராட்சியை மட்டும் எண்ணியிருந்தால் திருச்சி இப்பட்டியலில் இடம் பெற்றிராது!

அமெரிக்க முறை

நம் விதி குடியிருப்புகளின் தொடர்ச்சியைப் பார்க்கிறது. அமெரிக்க விதியோ மக்களின் போக்குவரத்தைப் பார்க்கிறது. அங்கே 50,000 பேராவது வாழும் நகர்ப்பகுதியே மையம். மையம் அமைந்துள்ள 'கவுண்டி' என்னும் மாவட்டம் முழுவதும் பெருநகர்ப் பகுதியாகும். பக்கத்துக் கவுண்டியில் வாழும் தொழிலாளர்களில் 25 விழுக்காட்டினர் மையக் கவுண்டிக்கு வேலைக்குச் சென்றால் அதையும் சேர்த்துக் கொள்வர். கவுண்டியைத் துண்டாக்குவதில்லையாதலால், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி முழுவதும் பெருநகர்ப் பகுதியில் அடங்குகிறது. கேரளத்தைவிடப் பெரிதான அக்கவுண்டியின் பெரும்பகுதி பாலைவனம் ஆகும்!

எல்லையால் வரும் பிழை

2011இல் கணக்கெடுப்பின்போது சென்னை மாநகராட்சியில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர் வாழ்ந்தனர். அதே ஆண்டின் பிற்பகுதியில் மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 175இலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிய எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர் அடங்கினர். வகுத்துப் பாருங்கள்: அடர்த்தி ஏறத்தாழ 15,700 ஆகக் குறைந்துவிட்டது! ஒருவரும் வீடு மாறவில்லை. தெருவில் நெரிசலும் குறையவில்லை. மாறியது கோடு மட்டுமே.

ஒரு நகருக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும், நபருக்கு எவ்வளவு குடிநீர் கிடைக்கிறது என்னும் கணக்குகளிலும் இதே ஆபத்து உண்டு. நகர்த்திரள் முழுவதற்கும் வழங்கும் நீரை மாநகராட்சி மக்கள் தொகையால் மட்டும் வகுத்தால், தாளில் தண்ணீர் பெருகும். புறநகர்க் குழாயில் பெருகாது.

அலகு குறிப்பிடாத அளவீட்டுக்கு இயற்பியலில் மதிப்பெண் இல்லை. எல்லை குறிப்பிடாத மக்கள் தொகையும் அத்தகையதே. மாணவர்களே, இனி 'மிகப் பெரிய நகரம்' என்று எங்கேனும் படித்தால், 'எந்த எல்லைக்குள்?' என்று முதலில் கேளுங்கள்.