ரொட்டியும் சம்பலும்: ஓர் ஆறாம் வகுப்புப் பாடம்

ஆறாம் வகுப்பு அறிவியல் முதல் பருவத்தில் ‘உடல்நலமும் சுகாதாரமும்’ என்றொரு பாடம் உண்டு. ஊட்டச்சத்துகள், அவற்றின் குறைபாட்டு நோய்கள், நோய்க் கிருமிகள் எனச் செல்லும் எளிய பாடம். பல ஆண்டுகளாக நடத்திவரும் பாடம் என்பதால் முன்தயாரிப்புக்கு அதிக நேரம் செலவிடுவதில்லை. 2023-24 கல்வியாண்டில் அந்தப் பாடத்தை நடத்தியபோது நான் செய்த ஒரு தவற்றையும், அதிலிருந்து கற்றதையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பந்தலூர்ப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். எங்கள் வகுப்பில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தாம் மிகுதி. பழங்குடியினக் குழந்தைகளும், வீட்டில் மலையாளம் பேசும் குழந்தைகளும் உண்டு. தோட்டப் பிள்ளைகளில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரு மாணவி, இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை வைத்துவிடுவாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. வளரறி மதிப்பீட்டுத் தாள் பாதி வெற்றாக இருந்தது. மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை எழுதினேன். மாலையில் தனிப்பயிற்சியும் கொடுத்தேன். மாற்றம் தெரியவில்லை.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படைந்தார். “அவளா? போன வருஷம் வாய்ப்பாட்டுல அவளை மிஞ்ச ஆள் இல்லையே!” என்றவர், சற்று யோசித்துவிட்டு, “காலைச் சாப்பாடு அஞ்சாம் வகுப்போட முடிஞ்சு போச்சே, கேட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை.

பதினேழு மணி நேரம்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்ததை நாம் அறிவோம். எங்கள் பள்ளியிலும் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகள் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். அதே வளாகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே கடந்து சென்றாள்.

“காலையில என்னம்மா சாப்பிட்ட?” என்று அவளிடம் கேட்டேன். “சாயத்தண்ணி, டீச்சர்” என்றாள். பால் கலக்காத தேநீரைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள், மறுநாள் பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சத்துணவு கிடைக்கும் வரை ஏறக்குறைய 17 மணி நேரம் ஒரு குவளைச் சாயத்தண்ணியில் இருந்திருக்கிறாள். அதற்கு நடுவில்தான் நான் அவளிடம் பின்னங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒன்றும் செய்வதில்லையோ என்று எண்ணி அவளுடைய வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அப்பாயி இருந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“தினமும் ரொட்டி சுட்டுச் சம்பலோட கட்டிக் குடுக்கிறேன் டீச்சர். வெள்ளன எந்திரிச்சா அவளுக்குச் சாப்பாடு எறங்காது. ஸ்கூல்ல போயித் திம்பா. இப்பக் கொஞ்ச நாளா அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுறா. மைதா சாப்பிடக் கூடாதுன்னு நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்களாமே? ‘உன் சிலோன் ரொட்டியத்தான் டீச்சர் சொல்றாங்க’ன்னு பசங்க சிரிச்சாங்களாம். கோழிக்குத்தான் போடுறேன்.”

அந்தப் பாடத்தில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு முதல் வரியாக மைதா என்று எழுதியது நினைவுக்கு வந்தது. நான் சொன்ன செய்தியில் பிழை இல்லை. ஆனால் அந்தச் செய்தி யாருடைய பையில் போய் விழும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் பட்டினி கிடந்ததற்கு என் பாடமும் ஒரு காரணம்.

ரொட்டி வந்த வழி

ரொட்டி அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு வரும் என்று தோன்றியது. அப்பாயியிடம் கேட்டேன், பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன்.

ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மக்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய தேயிலைப் பயிர்தான் பின்னர் ‘டான்டீ’ என்று நாம் அறியும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பகுதிகளில் இக்குடும்பங்கள் குடியேறின.

இலங்கைத் தோட்டங்களில் கோதுமை மா பங்கீட்டுப் பொருளாகக் கிடைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டியவர்களுக்கு விரைவில் செய்யக்கூடியது, மலையில் கொண்டுபோய்ச் சாப்பிடக்கூடியது, பல மணி நேரம் பசி தாங்குவது ரொட்டிதான். மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டிக் கல்லில் சுடுவார்கள். தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்து இடித்து எலுமிச்சை பிழிந்தால் சம்பல். 1973, 1974 ஆண்டுகளில் இலங்கையில் கடும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினியால் பலர் இறந்தனர். “அப்ப ஒரு ரொட்டிய நாலாப் பிச்சுத் தின்னோம்” என்றார் அப்பாயி. அந்த ரொட்டியைத்தான் நான் கரும்பலகையில் அடித்துவிட்டிருந்தேன்.

வேறு தீவு, அதே கேள்வி

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் கல்வி பற்றிப் படித்தபோது, கரீபியன் கடலில் உள்ள ஜமைக்காவும் கண்ணில் பட்டது. 1948 முதல் ஜமைக்கா உள்ளிட்ட மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல்லாயிரம் பேர் வேலை தேடி இங்கிலாந்துக்குக் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் ‘கற்கும் திறன் குறைந்தோர்’ பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் 1971-இல் எழுதிய சிறுநூல் இதை வெளிக்கொணர்ந்தது. பிள்ளைகளிடம் குறை இல்லை, அவர்களின் பேச்சையும் வீட்டையும் அறியாத தேர்வுகளும், அவர்களிடம் குறைவாகவே எதிர்பார்த்த ஆசிரியர்களுமே காரணம் என்று அவர் வாதிட்டார். பெற்றோர்கள் தாங்களாகவே சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்தினார்கள். நான் எழுதிய மெல்லக் கற்போர் பட்டியல் நினைவுக்கு வந்தது.

ஜமைக்காவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு 1998-இல் வெளியானது. 16 கிராமப்புறப் பள்ளிகளில், 800-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஓர் ஆண்டு முழுவதும் காலை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஓர் ஆரஞ்சுத் துண்டு மட்டும். காலை உணவு பெற்றவர்களின் வருகையும் உடல் வளர்ச்சியும் சற்று மேம்பட்டன. சிறிய வகுப்புக் குழந்தைகள் கணக்கில் முன்னேறினர். நம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை வாய்ப்பாட்டில் கண்டதும் இதைத்தானே?

பாடத்தை மறுபடி நடத்தினேன்

தலைமையாசிரியர் அனுமதியுடன் அதே பாடத்தை வேறு வகையில் மீண்டும் எடுத்தேன்.

முதல் நாள்: ‘எங்கள் வீட்டு அடுப்பு’ செயல்பாடு. ஒவ்வொருவரும் வீட்டில் வழக்கமாகச் செய்யும் ஓர் உணவு, அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவர், அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வந்தனர். காட்டுக்கிழங்கு, கீரை, கப்பை, புட்டு, ரொட்டி எல்லாம் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. ‘நல்லது, கெட்டது’ என்ற தலைப்பே வைக்கவில்லை.

இரண்டாம் நாள்: அப்பாயி வகுப்புக்கு வந்தார். கப்பல் பயணத்தையும் ரொட்டி தட்டுவதையும் சொன்னார். கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்த பேத்தி தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள்: ஒவ்வோர் உணவிலும் என்ன இருக்கிறது, எதைச் சேர்த்தால் நிறைவாகும் என்று குழுவாகக் கண்டறிந்தனர். ரொட்டியில் மாவுச்சத்தும் தேங்காயின் கொழுப்பும் உண்டு. சம்பலில் எலுமிச்சையின் வைட்டமின் சி உண்டு. புரதமும் இரும்பும் குறைவு. ஆகவே பருப்பு, முட்டை, வேர்க்கடலை, வயலோரத்தில் முளைக்கும் வல்லாரை என்று பிள்ளைகளே சொன்னார்கள். “மைதாவுக்குப் பதிலா?” என்று கேட்டேன். 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு நியாயவிலைக் கடையில் கிடைத்துவந்தது. பலர் வீட்டில் அது மூட்டையாகவே கிடந்தது. கேழ்வரகில் மைதாவைவிடப் பத்து மடங்குக்கு மேல் கால்சியம் உண்டு. பாதிக்குப் பாதி கலந்து தட்டலாம் என்று தீர்மானமாயிற்று.

நான்காம் நாள்: தேநீர்ச் சோதனை. துருப்பிடித்த ஆணியை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, அந்த நீரில் சில சொட்டுகளைச் சாயத்தண்ணியில் விட்டோம். உடனே கறுத்தது. தேயிலையிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்துகொள்வதால், உணவோடு தேநீர் குடித்தால் உடலுக்கு இரும்புச்சத்து சரியாகக் கிடைப்பதில்லை என்பதைக் கண்ணால் கண்டார்கள். (இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்க, கரைசலைச் சுவைக்க விடாதீர்கள்.) சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி என்பது வீட்டுப்பாடமாகப் போயிற்று. வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்குப் பின் தவறாமல் விழுங்கவும் இந்தச் சோதனை உதவியது.

பத்து நிமிடம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் 6, 7, 8 வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் சாப்பாட்டு நேரம். கொண்டுவந்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆசிரியரும் உடன் அமர வேண்டும். கொண்டுவராதவர்களுக்காக ஒரு டப்பாவில் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஆசிரியர்கள் செலவில் வைத்தோம். இது காலை உணவுக்கு ஈடாகாது என்பது எங்களுக்குத் தெரியும். யானை நடமாட்டத்தால் நேரத்தோடு கிளம்ப முடியாத நாளிலும், ஆடி மழையில் நனைந்து வரும் நாளிலும் அந்தப் பத்து நிமிடம் பிடிபடாமல் போவதுண்டு.

அந்த மாணவி முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. பின்னக் கணக்கு இன்னும் அவளுக்குத் தடுமாற்றம்தான். ஆனால் மேசையில் தலை வைப்பது நின்றது. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுந்து சொல்லத் தொடங்கினாள். இரண்டாம் பருவத்தில் மெல்லக் கற்போர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கினேன்.

சக ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. பட்டியலில் ஒரு பெயரை எழுதும் முன், “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். சத்துணவுப் பாடம் நடத்தும்போது, ‘இதைச் சாப்பிடாதே’ என்று தொடங்காமல், ‘உன் வீட்டில் இருப்பதோடு இதையும் சேர்’ என்று தொடங்குங்கள்.

டிசம்பரில் ஒருநாள் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். கேழ்வரகு கலந்த ரொட்டி, வல்லாரைச் சம்பல். “அப்பாயி உங்களுக்குன்னு ஒண்ணு சேத்து வச்சாங்க டீச்சர்” என்றாள். சாப்பிட்டேன். காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.